ட்ரெலோர் அம்மா விற்ற வீடு

"யாருக்கு வித்தீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க, யாருக்கு வித்தீங்க?"

டென்சில் போட்ட சத்தத்தில், கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு ஆட்களும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்கள். சாமான் வண்டி குறுகலான தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஊரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஊர் என்ன பெரிய ஊர்! கடலைப் பார்த்து நாற்பது வீடு. அதில் குளிர்காலத்தில் விளக்கு எரிவது பதினொன்றில். மீதியெல்லாம் லண்டன்காரர்கள் கோடையில் வந்து திறக்கிற வீடுகள்.

ட்ரெலோர் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சுருட்டிய கம்பளத்தை அணைத்தபடி நின்றாள்.

"உள்ளே வா டென்சில். கெட்டிலைக் கட்டி வச்சிட்டேன், இல்லேன்னா ஒரு டீ போட்டுத் தருவேன்."

"உங்க டீ யாருக்கு வேணும்! என் மகன் கிட்டோவுக்குத்தான் வீடுன்னு வாக்குக் கொடுத்தீங்களா இல்லையா?"

"கொடுத்தேன்."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே, 'அவனால முடிஞ்ச விலைக்கே தரேன்'னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன், ராசா."

"ராசாவாம் ராசா!"

டென்சிலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் கிட்டோ தொங்கிய முகத்தோடு வந்து, "கிழவி கவுத்துட்டாப்பா. லண்டன்காரன் கூடக் கொடுத்தானாம், அவனுக்கே தள்ளிவிட்டுட்டா" என்று சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

கிட்டோ, பெண்டாட்டி, மூன்று வயசுக் குழந்தை எல்லாரும் பண்ணை வயலில் ஒரு கேரவன் வண்டிக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள். சுவரெல்லாம் ஈரம். குழந்தைக்கு இருமல் நிற்பதே இல்லை. இனி இந்த ஊரில் வீட்டுக்கு வழியில்லை, தூரத்து ட்ரூரோ நகரத்துக்கே போய்விடுகிறேன் என்று கிட்டோ மூட்டை கட்டுகிறான்.

மகன் போவது மட்டுமா? உயிர்காப்புப் படகுக்கு டென்சில்தான் தலைவர். மணி அடித்தால் பத்து நிமிஷத்தில் ஆள் படகில் இருக்க வேண்டும். ட்ரூரோவிலிருந்து கார் ஓட்டி வருவதற்குள் தண்ணீரில் தத்தளிக்கிறவன் கதை முடிந்துவிடும். இருப்பது ஆறே பேர். கிட்டோவும் போய்விட்டால் ஐந்து. ஐந்து பேரை வைத்துக்கொண்டு படகை இறக்க முடியாது, படகுத்துறையையே மூடிவிடுவார்கள்.

சேதி பரவியதும் ஊர் சும்மா இருக்குமா? கடைக்காரி ட்ரெலோர் அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவாலயத்தில் பூ வைக்கிற வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் அவள் வாசல்படியில் ஒரு வாளி மீன் குடல் கொட்டிக் கிடந்தது. யார் வேலை என்று டென்சிலுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"புயல்ல உங்க புருஷன் படகு கவுந்தப்போ இறங்கினது யாரு? லண்டன்காரனா? அவரை உயிரோட தூக்கிக்கிட்டு வந்தது இந்தக் கை! அதுக்கு இதுதான் கைம்மாறா? நல்லா இருங்க!"

ட்ரெலோர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கம்பளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்களேன்! பேராசை பிடிச்சு வித்தேன்னாவது சொல்லுங்களேன்!"

"அப்படியே வச்சுக்கோ, டென்சில்."

அந்த நேரம் பார்த்து, வண்டிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார். பளபளக்கும் புது மழைக்கோட்டு, கையில் அளவு நாடா.

"குட் மார்னிங்! திரைச்சீலைக்கு அளவு எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

இவன்தானா அவன்! டென்சில் அவரை நோக்கிப் பாய்ந்தார்.

"யோவ்! இது என் மகனுக்குப் பேசி வச்ச வீடு, தெரியுமாய்யா உனக்கு?"

"உங்க மகனா? யாரு?"

"கிட்டோ! கிட்டோ பாஸ்கோ!"

ட்ரெலோர் அம்மா பதறிப்போனாள். "சார், நீங்க மேலே போய் ஜன்னலை அளந்துக்குங்க. போங்க சார், போங்க..."

லண்டன்காரர் போகவில்லை. முகமெல்லாம் மலர்ந்து கையை நீட்டினார்.

"அட, கிட்டோவோட அப்பாவா நீங்க! அவர்கிட்டேர்ந்துதானே நாங்க வீட்டை வாங்கினோம்! இந்த அம்மா அவருக்குப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்தாங்க. அவர் அன்னிக்கே எங்களுக்கு முழு விலைக்கு எழுதிக் கொடுத்துட்டார். ட்ரூரோவில மாடி வீடு வாங்கிட்டாராமே? பேரத்துல பலே ஆளு சார் உங்க மகன், ஒரு பவுண்டுகூடக் குறைக்கலை!"

"உங்க வாயை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க முடியாதா, மனுஷா!"

ஒரு மாதமாக ஊர் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டென்சில் அதைப் பார்க்கக்கூட இல்லை. ட்ரெலோர் அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இவர் முதல் தடவை அளவெடுக்க வந்தப்போ தெரிஞ்சுது."

"ஊரே உங்களைக் காறித் துப்பிச்சே... நானும்தான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ட்ரெலோர் அம்மா கம்பளத்தை வண்டிக்குள் தள்ளினாள்.

"நான் ஊரை விட்டுப் போறவ, என் பேர் கெட்டா கெட்டுட்டுப் போகுது. உனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தானே, ராசா."