தொண்ணூற்றெட்டு

"இது எங்கம்மா விரலே இல்ல" என்றான் தனசேகர்.

சமையலறை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெயப்ரியா நிமிரவில்லை. "பின்ன யார் விரலாம்?"

அவன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தில், விரலைக் கவ்வியிருந்த ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டு என்று சிவப்பாக ஒளிர்ந்தது. கேதார்நாத் யாத்திரைக்குக் கிளம்பிய அம்மா கங்கையம்மாளின் பைக்குள் அவனே வைத்து அனுப்பிய கருவி. தினமும் காலையில் விரலில் மாட்டிப் படமெடுத்து அனுப்ப வேண்டும். எண் குறைந்தால் மறுபேச்சில்லாமல் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். அந்த நிபந்தனையின் பேரில்தான் போகவே விட்டான்.

அம்மா ஒரு நாளும் தவறவில்லை. எண்ணும் இறங்கவில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

"நல்ல நம்பர்தானேங்க?"

"அதான் பிரச்சனையே. போன வருஷம் கேதார்நாத் போய்ட்டு வந்த லோகநாதன் சாரைக் கேட்டேன். மேல அவருக்கு எண்பத்தஞ்சுகூட தாண்டலையாம். தலைவலி, வாந்தி, படுத்தா மூச்சு முட்டுச்சாம். 'தொண்ணூத்தெட்டா? அது நம்ம பம்மல் ரோட்ல நிக்கறவன் நம்பர்யா'ன்னு சிரிக்கறாரு. அம்மா எவனாவது குதிரைக்காரனைப் பிடிச்சு அவன் விரல்ல மாட்டி அனுப்பறாங்க."

"அத்தை அவ்ளோ பெரிய கேடியா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பைப் பற்றி இந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவன் நம்புவதில்லை. அப்பா நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவேயில்லை.

உடம்பைப் பற்றி மட்டும்தானா? தங்கை நிஷா பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், கோவளத்து மீன்காரர் வீட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் இந்த வீட்டில் பேசப்படக் கூடாது என்று சொல்லிவிட்டான். எங்கே இருக்கிறாள் என்றுகூட அவன் கேட்டதில்லை. அம்மாவும் ஜெயப்ரியாவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அடங்கிப் போனார்கள். எல்லாரும் அடங்கிப் போகிற வீட்டில் எதுதான் உண்மை என்று சில சமயம் அவனுக்குப் பயமாக இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நகத்துக்குக் கீழே அரிவாள்மனை வெட்டிய தழும்பு. அம்மாவின் விரல்தான். நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறொரு சந்தேகம் வந்தது. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் வைத்து எல்லாப் படத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

உடனே அழைத்தான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"சொல்லுடா." மூச்சு இரைத்தது.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

"ஏறி வந்தேன்டா, அதான். மெதுவா பேசு. இப்பதான் கண்ணசந்துச்சு."

"எது?"

அம்மாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. "பக்கத்து பெட்ல. ராத்திரி பூரா தானும் தூங்கல, எங்களையும் தூங்க விடல."

"வீடியோல வா. எனக்கு இப்பவே விரலைக் காட்டு."

"டவர் இல்லடா" என்றாள், துல்லியமாகக் கேட்கிற குரலில். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

பக்கத்து பெட்டாவது ஒன்றாவது! அம்மா தன் கதையைத்தான் அடுத்தவர் கதையாகச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. அப்பாவுக்கு நேர்ந்தது இன்னொரு தடவை நேர விடமாட்டான்.

"சாயங்கால ஃப்ளைட்ல டேராடூன் போறேன்" என்று பெட்டியை இழுத்தான்.

ஜெயப்ரியாவின் கை நின்றது. "அவசரப்படாதீங்க. ஒண்ணும் ஆயிருக்காது."

"உன்னால எப்படி இவ்ளோ நிதானமா உக்காந்து பூண்டு உரிக்க முடியுது? அவங்க கிளம்பறப்பவும் ஒரு டப்பா உரிச்சுக் கொடுத்த."

"மலை மேல பூண்டு சாப்பிட்டா மூச்சு முட்டாதுன்னு..."

"சரி, அது அவங்களுக்கு. இது யாருக்கு?"

அவள் அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள். தன்னுடைய ஸ்வெட்டரைத் தேடி பீரோவைத் திறந்தான். மேல்தட்டில், புடவைகளுக்குப் பின்னால், கம்பளித் தொப்பியும் கையுறையும் தெரிந்தன. அவற்றுக்கு அடியில் அம்மாவுக்கென்று அவன் தாம்பரத்தில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய ஸ்வெட்டர். விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

அதைக் கையில் பிடித்தபடி திரும்பினான். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கப் போனது. பொழிச்சலூரில் அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் பேசுவதில்லை.

"அங்க பனி கொட்டுது, ஜெயா. எங்கம்மா எதைப் போட்டுக்கிட்டு இருக்காங்க?"

ஜெயப்ரியா எழுந்தாள். உரித்த பூண்டை டப்பாவில் போட்டு மூடி, அவன் கையிலிருந்த ஸ்வெட்டரின் மேல் வைத்தாள். அவன் கண்ணைப் பார்த்தே பேசினாள்.

"ஃப்ளைட்லாம் வேணாங்க. கேளம்பாக்கத்துக்கு பைக்லயே போய்டலாம். போறப்ப இதையும் எடுத்துட்டுப் போங்க."

"கேளம்பாக்கமா? அங்க யாரு இருக்கா?"

"நீங்க தாய்மாமன் ஆயிட்டீங்க."