செவ்வாய்க்கிழமைச் சண்டை

"மாசமா இருக்கறது அவ. ஊசி எனக்கா?"

கட்டம் போட்ட சட்டைக்காரர் இப்படிக் கேட்டதும், கர்ப்பிணிகள் பிரிவின் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவன்மார்களுக்கு வயிறு குளிர்ந்தது. ஒருத்தராவது கேட்டாரே.

அவர்களில் ஒருவரான வெல்டருக்கு ரொம்பவே குளிர்ந்தது. நைசாக நழுவ அவர் வாசல் வரைக்கும் போயிருந்தார். கல்யாணத்துக்கு முந்தி, வெளியூர் வேலைக்குப் போன காலத்தில் கொஞ்சம் ஆட்டம் போட்டவர். ரத்தப் பரிசோதனை அதை இப்போது காட்டிக்கொடுத்துவிட்டால்?

மனைவிக்கு ஐந்தாம் மாதம். போன தடவை ஏழாம் மாதத்தில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள். எதிர் பெஞ்சிலிருந்து அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அசரவில்லை. சில நோய்கள் வெளியே தெரியாமல் உடம்பில் உட்கார்ந்திருக்கும். கணவனிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து குழந்தைக்கு என்று போகும். அதனால் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்றார்.

"அவங்களுக்கு மட்டும் மருந்து குடுத்து அனுப்பினா, வீட்டுல போய் உங்ககிட்ட மறுபடி வாங்கிட்டு வருவாங்க."

சட்டைக்காரர் மேஜையைத் தட்டினார். "என் ஒழுக்கத்தைச் சந்தேகப்படுறீங்களா?"

"ஒழுக்கத்துக்கு இங்க டெஸ்ட் இல்லை சார். ரத்தத்துக்குத்தான். ரிசல்ட்டை உங்க காதுல சொல்லுவோம், மைக் வைக்க மாட்டோம். எது இருந்தாலும் வழி இருக்கு, குழந்தையைக் காப்பாத்திடலாம். ஊசிக்குப் பயம்னா சொல்லுங்க, ரெண்டு பேரு வந்து பிடிச்சுக்கறோம்."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

மனிதர் எகிறினார். பெரிய டாக்டரைக் கூப்பிடு என்றார். எழுதிப் போடுவேன் என்றார். கடைசியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வெளியே வரும்போது கையில் பஞ்சு, பிளாஸ்திரி. பெட்டிப்பாம்பாக நடந்து போய்விட்டார்.

அவ்வளவு வீறாப்புக்காரரே கையை நீட்டிவிட்டார். இனிமேல் முரண்டு பிடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். வெல்டர் நாலாவது ஆள். போகும்போது மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

கடைசி ஆளுக்கும் குத்தி முடித்த பிறகும் வெல்டருக்குக் கோபம் ஆறவில்லை. அத்தனை பேச்சுப் பேசிவிட்டு இப்படியா மண்டியிடுவது? அந்த ஆளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று தேடிக்கொண்டு, பின்பக்கத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போனார்.

அங்கே நர்ஸ் சட்டைக்காரரின் பிளாஸ்திரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஊசி குத்தின தடமே இல்லை.

"பதினோரு பேருங்க. போன வாரம் எட்டுதான்," என்றார் நர்ஸ். "அடுத்த செவ்வாய்க்கு வேற சட்டை போட்டுட்டு வாங்க. இப்ப நேரா ஸ்கூலுக்குப் போய் நம்ம சின்னவளைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"தொண்டை போச்சுடி," என்றார் சட்டைக்காரர், கம்மின குரலில்.

திரும்பினவர்கள் வெல்டரைப் பார்த்து விறைத்துப் போனார்கள்.

வெல்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிசல்ட் வாங்க நான் அடுத்த செவ்வாய் வரணும்ல சிஸ்டர்," என்றார். "அன்னிக்கு நான் கத்தறேன். சாருக்கு லீவு குடுங்க."