தாடிக்கொம்பு ரோட்டில் நாலு மைல்

“வீட்டுக்காரருக்குக் கால் எரிச்சல் எப்படி இருக்கும்மா?” என்று போன வாரம் டாக்டர் கேட்டபோது, நஜ்முன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“நீங்க நடக்கச் சொன்னதுலருந்து எரிச்சல் போன எடமே தெரியல டாக்டர். இந்த அறுபது வயசுல தினம் நாலு மைலு நடக்குறாக!”

டாக்டர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பாக்குறேன்” என்றார்.

அவள் புருஷன் அப்துல் கையூமுக்குச் சர்க்கரை வியாதி. நடந்தால்தான் ஆள் தேறும் என்பதால், விடிந்ததும் தாடிக்கொம்பு ரோட்டில் கிளம்பிவிடுவார். வியாழக்கிழமை செருப்பின் அடித்தோல் பிய்ந்துவிட்டது.

“தைக்கக் குடுங்களேன்.”

“தோல் மண்டிக்காரன் செருப்பை இன்னொருத்தன் தொடுறதா? போ புள்ள!” என்று தானே ஆணி அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நடந்துவிட்டு வந்து, அவர் உள்ளே பசியாறிக்கொண்டிருந்தார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எறும்பு மொய்த்திருந்தது.

“செருப்புக்கும் சீனி போட்டீகளோ?” என்று கேலி செய்தபடி, அதைத் தட்ட எடுத்தாள். விரலில் சுருக்கென்று குத்தியது. உள்பக்கம் அரை அங்குலத்துக்கு ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. தோல் முழுக்க ரத்தத்தில் ஊறியிருந்தது.

அப்போதுதான் வந்து சேர்ந்த டாக்டரிடம் செருப்பை நீட்டினாள். அவர் நேரே உள்ளே போய், கையூமின் பாதத்தைத் தூக்கி, ஆணி துளைத்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

“வலிக்குதா பாய்?”

“நீங்க இன்னும் அமுக்கவே இல்லையே டாக்டர்!” என்று சிரித்தார் கையூம்.

டாக்டர் பாதத்தை மெல்லக் கீழே வைத்தார். நஜ்முன்னிசாவின் முகத்தைப் பார்க்காமல், ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி பிடிக்கத் தெருவில் இறங்கி நடந்தார்.