மாற்று ஆள்

மருத்துவமனை அறையின் தொலைக்காட்சியில் மக்களவைக் கேள்வி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மூளைச்சாவு அடைந்த சாயப்பட்டறைத் தொழிலாளர்களை ஏன் இன்னும் வேலையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"கடுமையான ஆள் பற்றாக்குறை. நிறம் பார்க்கத் தேர்ந்த கண்கள் இல்லாவிட்டால் ஏற்றுமதிப் போட்டியில் நிற்க முடியாது, துணி வாங்குபவரும் ஏமாறுவார். மாற்று ஆள் சேர்ந்ததும் விடுவித்துவிடுகிறோம்," என்றார் அமைச்சர். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

கட்டிலில் சாயப்பட்டறை மாஸ்டர் பொன்னுரங்கம் கிடந்தார். இமைகள் மூடாதபடி டேப் ஒட்டியிருந்தது. பட்டறை ஆள் ஒருவன் அவர் கண்ணுக்கு நேரே துணித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தான். அவர் தலையோடு கம்பிகளால் இணைத்திருந்த கருவி "சரி", "சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தன நாளைக்குங்க இப்பிடி?" என்று அவர் மனைவி ருக்மணி நர்ஸிடம் கேட்டாள்.

"முடிஞ்சுதுங்க்கா. மாத்து ஆளு காலைல சேர்ந்தாச்சு."

நர்ஸ் டேப்பை உரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் கண்கள் மூடின. ருக்மணி கைகூப்பினாள்.

"எந்த மகராசி பெத்த புள்ளையோ, நல்லா இருக்கோணும்."

கதவைத் திறந்துகொண்டு மகள் தேன்மொழி வந்தாள். தோளில் கல்லூரிப் பை இல்லை. கழுத்தில் பட்டறை அடையாள அட்டை தொங்கியது.

"எனக்கும் அப்பா கண்ணுதானம்மா," என்றாள்.

பட்டறை ஆள் எழுந்து வந்து, அடுத்த துண்டை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான்.