சுவரில் இருந்த கோடு

நான்கு படி இறங்கிக் கடைக்குள் காலை வைத்த நஷ்ட மதிப்பீட்டாளர், சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு, கடை மாறி வந்துவிட்டோமோ என்று மறுபடி படியேறிப் போய்ப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

சலவைக்கடைதான். வெள்ளம் புகுந்து பதினாறு நாள் ஆன சலவைக்கடை.

ஆனால் சுவர் பால் வெள்ளையாக இருந்தது. தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மூன்று துவைக்கும் மெஷின்களும் நேற்றுதான் வண்டியிலிருந்து இறக்கியவைபோல் பளபளத்தன. ஓடாது என்பது மட்டும்தான் குறை.

"கோடு எங்க?" என்றார் மதிப்பீட்டாளர்.

கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கோட்டுக்காகத்தான் இவரைச் சொந்தச் செலவில் அமர்த்தியிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள், மழை விட்ட அன்று வந்தார். ஷூ நனைந்துவிடுமே என்று தெருவிலேயே நின்று எட்டிப் பார்த்தார். தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கணுக்கால் அளவுத் தண்ணீர் மோட்டாரைத் தொடாது. மோட்டாரைத் தொடவில்லை என்றால் மெஷின் நஷ்டக் கணக்கில் வராது. மெஷின் வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உண்மையில் கடைக்குள் தண்ணீர் இடுப்பு வரை நின்றது. நின்ற உயரத்தை நாலு சுவரிலும் சேற்றால் ஒரு கோடாக இழுத்துவிட்டுத்தான் வடிந்தது. அந்த நாணயம் கம்பெனி ஆளுக்கு இல்லை.

கடைக்காரரின் ஃபோனும் வெள்ளத்தோடு போயிருந்தது. மாடியில் இருக்கும் பல் டாக்டரின் ஃபோனை இரவல் வாங்கி இந்த மதிப்பீட்டாளரைப் பிடித்தார். அவர் படித்துப் படித்துச் சொன்னார்: நான் வரும்வரை எதையும் தொடாதீர்கள், முக்கியமாகச் சுவரை. கடைக்காரர் பலமாகத் தலையை ஆட்டினார். ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும் என்று பல் டாக்டர் சிரித்தார்.

உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி டீயோடு வந்தாள். விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறித் தோல் உரிந்திருந்தது. கறையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் சட்டைக் காலரைப் பார்க்கிறவள்.

"இன்னும் எங்கயாவது கறை தெரியுதா சார்? மூலையெல்லாம் பல் தேய்க்கிற பிரஷ் வச்சுத்தான் எடுத்தேன்."

மதிப்பீட்டாளர் வாயைத் திறந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் கடைக்காரர், வேண்டாம் என்று தலையை அசைத்தார். கும்பிடாத குறை.

மதிப்பீட்டாளர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணும் தெரியல."

அவள் முகம் மலர்ந்து உள்ளே போனாள்.

படியேறித் தெருவுக்கு வந்ததும் மதிப்பீட்டாளர் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். ஒரு போட்டோகூடவா எடுத்து வைக்கவில்லை? அவ்வளவு தூரம் சொன்னேனே, மறந்துவிட்டீர்களா?

"மறந்துட்டேன் சார்."

இப்படியும் ஒரு மடையன் உண்டா என்பதுபோல் அவர் பார்த்தார். கடைக்காரர் அந்தப் பார்வையைத் துடைத்துப் போட்டுவிட்டார். இந்தப் பதினாறு நாளில் வாங்கிய அடிகளில் அது சின்னது. படியின் உயரத்தை அளந்து, தெருவில் நின்ற தண்ணீரோடு கூட்டி ஏதாவது எழுதித் தருகிறேன், ஆனால் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மதிப்பீட்டாளர் டேப்பை எடுத்து அளந்தார். குறித்துக்கொண்டார். போய்விட்டார்.

கடைக்காரர் மேல் படியிலேயே உட்கார்ந்தார். உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது.

அவர் மறக்கவில்லை.

வெள்ளம் வடிந்த அன்று மனைவி கடையை ஒரே ஒரு தரம் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். பதினோரு நாள். தலை சீவவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினால் இரண்டு வாய் இறங்கும். கடை போனதைவிட அவருக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில், தானாக எழுந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு கடைக்கு வந்தாள். கீழ்ப் படியில் நின்று அந்தக் கோட்டையே பார்த்தாள்.

"ஏங்க, பிரஷ் எங்க?" என்றாள்.

மாடிக்கு ஓடி டாக்டரின் ஃபோனை வாங்கி வந்து ஒரு படம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மனம் மாறித் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டால்?

அவருக்குக் கால் எழவில்லை.

பிரஷ்ஷைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவர்தான். வாளியில் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்ததும் அவர்தான்.

கடைக்காரர் எழுந்து படியிறங்கி உள்ளே போனார். டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் அவர் கழுத்தில் போய் நின்றது.

"இந்தக் காலரோடயா அந்த சார் முன்னாடி நின்னீங்க? கழட்டுங்க முதல்ல."

அவர் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார்.