இந்த வருஷமாவது சொல்லிவிட வேண்டும்

"என்னடா காப்சு, உன் மகன் இன்னும் கக்கூசுக்கு டைல்ஸ்தான் ஒட்டிக்கிட்டிருக்கானா?"

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார். காப்சுவுக்குச் சுருக்கென்றது.

வருஷா வருஷம் இதே கூத்துதான். அண்ணன் மகன் ஊசோக் சியோலில் காப்பீட்டுக் கம்பெனியின் கணக்கு நிபுணன். எந்த வயதில் எத்தனை பேர் போய்ச் சேருவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவன். அவன் சம்பளம் இந்தத் தெருவுக்கே மனப்பாடம்.

காப்சுவின் மகன் தேகோன் இப்போது அதைவிட அதிகம் சம்பாதிக்கிறான். இன்று எல்லோர் முன்னாலும் அதைப் போட்டு உடைத்துவிடும் முடிவோடுதான் காப்சு வந்திருந்தார்.

"வேண்டாம்ப்பா" என்று வரும் வழியெல்லாம் காரில் கெஞ்சியிருந்தான் தேகோன்.

"ஏண்டா, வாங்குறதச் சொன்னா வாய் வெந்துருமா?"

தேகோன் பேச்சை மாற்றினான். "புதுசா ஒரு ஆள் சேர்த்திருக்கேன்ப்பா. டைல்ஸ் எத்தனை வேணும்னு சுவரைப் பார்த்ததுமே சொல்லிடுறான். பாவம், கைதான் இன்னும் பழகல."

முன்னோர் படையலுக்குக் கஷ்கொட்டைகளின் தோலைச் சீவுவது ஆண்கள் வேலை. இரண்டு அப்பன்களும் இரண்டு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து கத்தியை எடுத்தார்கள்.

"பேனா பிடிக்கிற கைடா அது. பார்த்து, மெதுவா!" என்று அண்ணன் தன் மகனைக் கொஞ்சினார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "அது சரி காப்சு, தேகோனுக்கு மாசம் என்னதான் வருது?"

இதற்குத்தானே காத்திருந்தார். காப்சு வாயைத் திறந்தார்.

எதிரே ஊசோக்கின் கத்தி நின்றுவிட்டது. அவன் நகக்கண்ணில், எத்தனை கழுவியும் போகாத வெள்ளை சிமெண்ட். உள்ளங்கையில் உடைந்த கொப்புளம். அவன் தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் தேகோன் கண்ணாலேயே அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

காரில் கேட்ட அந்தப் புது ஆள் யாரென்று காப்சுவுக்குப் புரிந்தது.

"என்னப்பா, வாயடைச்சுப் போச்சா?" என்று சிரித்தார் அண்ணன்.

"அதையேன் கேக்குறீங்கண்ணே!" என்றார் காப்சு, அடுத்த கஷ்கொட்டையை எடுத்தபடி. "நம்ம ஊசோக் வாங்குறதுல பாதிகூடத் தேறாது."