கன்னிமாருக்கு விடும் மீன்

வலையில் விழும் முதல் மீனைக் கன்னிமாருக்கு என்று ஏரியிலேயே விட்டுவிடுவது எட்டியப்பன் குடும்பத்து வழக்கம். ஏரி நிரம்பி முதல் நாள் வலை இழுத்தபோது விழுந்தது தொட்டிமீன். எவனோ வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, அலுத்துப்போய் ஏரியில் கொட்டிய சாதி. உடம்பெல்லாம் சொரசொரவென்று ஓடு. கறிக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. வலையைக் கிழித்து, கெண்டையும் விராலும் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. சிக்கினால் கரையில் போட்டுச் சாகடிப்பது என்று மீனவர் சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

எட்டியப்பன் அதைக் கையில் ஏந்தியபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான்.

"இன்னாயா, தாலாட்டுறியா?" என்றாள் கரையிலிருந்த மனைவி குப்பம்மா. "தூக்கிக் கரையில போடு."

"மொத மீனுடி."

"போன வருசமும் மொத மீனுன்னு இதத்தான் வுட்ட. அதுக்கு முன்னயும் இதத்தான். கன்னிமாரு கேட்டாங்களா இத?"

"வேற வுழுந்தா வுட மாட்டேனா?"

அவள் கிழிந்த வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வேறு மீனாக இருந்தால் இதற்குள் துள்ளி ஓய்ந்திருக்கும். இது அவன் உள்ளங்கையில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் வயிற்றை அழுத்திப் பார்த்தான். உள்ளே சினை நிறைந்து கிடந்தது.

கரைமேல் கன்னிமார் கற்கள் ஏழும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பி நடந்தான்.

"இந்த வாட்டி கரையிலயே வாங்கிக்குங்கம்மா" என்று கற்களின் முன் கையைக் கவிழ்த்தான். மீன் விழவில்லை.